பழைய முகவரியில் பத்துப் பேர்

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் இதயங்களுக்கு நாற்பது நிமிஷம் பதில் கிடைக்கவில்லை. இதயங்கள் நிற்கவில்லை, பதில் சொல்லும் சர்வர்தான் நின்றது. யாரும் சாகவில்லை. செத்திருந்தால் விசாரணை நடந்திருக்கும். சாகாததால் மீட்டிங் நடந்தது.

எங்கள் ஊர் கோயம்புத்தூர் ஒரு காலத்தில் கிணற்றுக்கு பம்ப் செய்த ஊர். தண்ணீர் இறைக்கத் தெரிந்தவனுக்கு ரத்தம் இறைப்பது பெரிய வித்தையில்லை என்று நினைத்த ஒருவர், பீளமேட்டில் மூன்று மாடி கட்டி, கீழே வெட் கிரைண்டரும் மேலே செயற்கை இதயமும் செய்தார். இரண்டுக்கும் செம்பருத்தி என்று ஒரே பெயர். எல்லாரும் அவரைப் பெரியவர் என்பார்கள். அவர் இறந்தபின் குடும்பம் இதயத்தைச் சென்னைக்காரர்களுக்கு விற்றுவிட்டு கிரைண்டரைக் காந்திபுரத்துக்கு எடுத்துக்கொண்டு போனது. நான் இதயத்தோடு தங்கினேன். என் பெயர் தாட்சாயணி, வேலை சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. சர்வர்கள் என்று பன்மையில் சொல்வது அப்போது வெறும் மரியாதைக்குத்தான், இருந்தது ஒன்றே ஒன்று.

பம்ப் நெஞ்சுக்குள் இருக்கும். படுக்கையிலிருந்தே சார்ஜ் ஏறிக்கொள்ளும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, பக்கத்தில் கிடைக்கிற ஏதோ ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் சர்வரின் கதவைத் தட்டும். 'இருக்கிறாயா?' என்று கேட்கும். 'இருக்கிறேன்' என்று பதில் போக வேண்டும். தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால், ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி பம்ப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த வேகம் படுத்திருக்கப் போதும், படியேறப் போதாது. இந்த ஏற்பாடு யாருடைய யோசனை என்று கேட்டால் டாக்டர்கள் வக்கீல்களைக் காட்டுவார்கள், வக்கீல்கள் டாக்டர்களை.

மீட்டிங்கில் விஸ்வேஷ் நேராக விஷயத்துக்கு வந்தார். சென்னைக்காரர்கள் அனுப்பிய டைரக்டர், கெட்ட மனிதர் இல்லை, ஆனால் எதையும் ஒரு தாளுக்குள் சொல்லிவிட வேண்டும் அவருக்கு.

"இன்னொரு சர்வர் வாங்குறது சரி தாட்சா. அதுக்கு எதுக்கு முகவரிய மாத்தணும்?"

"எல்லா பம்புலயும் பதிஞ்சிருக்கறது அந்த ஒரு சர்வரோட பேரு சார். கடைக்குப் போன் பண்றவங்களுக்குக் கடை நம்பரத்தான தரணும்? நாம முதலாளியோட செல் நம்பரக் குடுத்து வெச்சிருக்கோம். அவரு குளிக்கப் போனா கடையே இல்லைனு ஆயிடுது. இனிமே பொதுவா ஒரு பேரு. பின்னால ரெண்டு சர்வர் நிக்கும். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு பேசும்."

"பழைய பேரு?"

"அது செம்பருத்தி குடும்பத்தோடது. ஒப்பந்தப்படி ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை அவங்களுக்குத் திருப்பிக் குடுத்துடணும்."

"அப்ப ஒரே கல்லுல ரெண்டு மாங்கா," என்றார் விஸ்வேஷ்.

இதயத்துக்கு ஒரு கட்டளை அனுப்புவது உங்கள் போனில் ஆப் மாற்றுவது போலில்லை. தில்லியில் ஓர் ஆணையம் உண்டு. எந்தெந்த எண்ணுள்ள பம்புக்கு என்ன சொல்லப்போகிறோம் என்று பட்டியலோடு கேட்டு, மூன்று வாரம் காத்திருந்து, அனுமதி வந்தபின் அந்தப் பட்டியலுக்கு மட்டும்தான் சொல்லலாம். கேட்டோம், வந்தது. சர்வரிடம் வேலையை ஒப்படைத்தேன். ஒரு பம்ப் வந்து தட்டித் தன் எண்ணைச் சொல்லும்போது, பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராக டிக் இல்லாவிட்டால் புதிய முகவரியைச் சொல்ல வேண்டும். பம்ப் சரி என்றதும் டிக். டிக் விழுந்த எண்ணிடம் முகவரியை மறுபடி சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான 'இருக்கிறேன்' போதும்.

பன்னிரண்டு நாளில் பட்டியல் முழுவதும் டிக். மைசூர்பாகு வந்தது. விஸ்வேஷ் தன் கையால் எனக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

பெயரைத் திருப்பிக் கொடுக்க இரண்டு நாள் இருந்தபோது, காலியான வீட்டைப் பூட்டுவதற்கு முன் ஒருமுறை சுற்றிப் பார்ப்பதுபோல் பழைய சர்வரைப் பார்த்தேன். யாரோ இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு நாற்பது தட்டல். ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் நாள் ஒன்றுக்கு நான்கு, ஆக பத்து இதயங்கள். பத்தும் சொன்ன எண் பூஜ்யம்.

பூஜ்யம் என்ற எண்ணில் பம்ப் கிடையாது. ஆனால் பட்டியலின் முதல் வரியில் பூஜ்யம் இருந்தது, அதற்கு நேராக டிக்கும் இருந்தது. ஏதோ சோதனை பம்ப் என்று நாங்கள் எல்லாரும் கண்ணை ஓட்டிவிட்டுப் போயிருக்கிறோம்.

மூன்றாவது மாடியில் பம்ப் கோர்க்கும் பிரிவுக்குப் போனேன். அங்கே நாச்சிமுத்து அண்ணன்தான் தலைமை. அறுபது வயது, பெரியவர் காலத்திலிருந்து இருப்பவர். விரல் நுனியால் தொட்டே, பம்புக்குள் சுழலும் ரோட்டர் ஆடுகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

"அண்ணா, பூஜ்யம் நம்பர்ல பம்ப் ஏதாச்சும் போட்டீங்களா?"

"பூஜ்யமாவா? இல்லீங்கம்மிணி." கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "சித்த இருங்க. பூச பீஸா இருக்குமுங்க."

சரஸ்வதி பூஜைக்கு மெஷின்களை எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்து நிறுத்திவிடுவார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டு, முதலில் ஒரு பம்ப் செய்வார்கள். அந்த முதல் பீஸில் எண் அடிக்கும் இடத்தில் பெரியவர் பிள்ளையார் சுழிதான் அடிக்கச் சொல்வார். டெஸ்டிங் மெஷினில் எண் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டுத் தட்டிவிடுவார்கள். காலி என்பதை கம்ப்யூட்டர் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. பதினோரு வருஷம், பதினோரு பம்ப், எல்லாம் ஒரே பூஜ்யம். முதலில் வந்து தட்டிய பூஜ்யத்திடம் சர்வர் புதிய முகவரியைச் சொல்லி டிக் போட்டுவிட்டது. மற்ற பத்துக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

"அந்தப் பீஸெல்லாம் யாருக்குப் போச்சுங்ணா?"

"வசதியில்லாதவங்களுக்குங்க. சும்மாதான் குடுப்பாரு. யாருக்குன்னு கேக்கப்படாது, பேரும் எழுத மாட்டாரு. எழுதி வெச்சா பொறகு எங்க பார்த்தாலும் அவங்க நம்ம முன்னால நெளிவாங்கன்னுவாரு."

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பதில் வராமல் போனால் என்ன ஆகும் என்று சொன்னேன்.

"படியேற முடியாதுங்களா?"

"முடியாது. ஏறினா தாங்காது."

அவர் தலையை ஆட்டினார். ரோட்டரைத் துணியால் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். "பார்த்துச் செய்யுங்கம்மிணி, பத்து உசுரு," என்றார்.

விஸ்வேஷிடம் போனேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"பட்டியல்ல பூஜ்யம்னா ஒரே ஒரு பம்ப்தான், அதுக்கு டிக் விழுந்தாச்சு. பட்டியலுக்கு வெளியில இருக்கற மத்தப் பத்துக்கு ஒரு கட்டளை அனுப்பினாலும் குற்றம். தெரியுமில்ல?"

"அதான் சார், ஆணையத்துக்கு எழுதிக் கேட்போம். மூணு வாரம் பழைய பேர விட்டுக் குடுக்காம வெச்சிருப்போம்."

"என்னன்னு எழுதுவ? பதினோரு வருஷமா நம்பரே இல்லாத இதயத்த, யாருக்குன்னே தெரியாம, குடுத்திருக்கோம்னா? அன்னிக்கே லைசென்ஸ நிறுத்திடுவான். லைசென்ஸ் நின்னா ரெண்டு சர்வரும் நிக்கணும். அப்ப முப்பத்தெட்டாயிரம் பேருக்கு யாரு பதில் சொல்லுவா? நீ சொல்லு."

அந்தக் கேள்வியில் ஓட்டை தேடினேன், கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். தப்பாகப் பேசுகிறவனோடு சண்டை போடலாம், கூட்டிக் கழித்துச் சரியாகப் பேசுகிறவனிடம் என்ன செய்வது?

"பம்ப் சாஃப்ட்வேரோட அடுத்த வெர்ஷன்ல பார்த்துக்கலாம். அப்ப பட்டியலைத் திருத்திடலாம்," என்றார். "அதுவரைக்கும் உனக்கு வேற ஏதாவது வழி தெரிஞ்சா, எங்கிட்ட சொல்லாத."

வேறு வழி காந்திபுரத்தில் இருந்தது. பெரியவரின் மகள் ஸ்ரீவர்தினி, ஷோரூமில் டில்டிங் கிரைண்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தார். பழைய பெயர் கைக்கு வந்ததும் அதே இணைய முகவரியில் கிரைண்டர் விற்கப்போகிறார். கல்லாவுக்குப் பின்னால், முருகன் படத்துக்குக் கீழே, அதற்கென்று ஒரு கம்ப்யூட்டரும் தயாராக ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப அந்தப் பத்துப் பேரும் இனி எங்க கடைக்கதவ வந்து தட்டுவாங்களா?"

"ஆமாங்க்கா."

"அவங்களுக்கு என்ன சொல்லணுமுங்க?"

"இருக்கேன்னு. அந்த ஒரு வார்த்தைதான். வேற கட்டளைன்னா சாவி, கையெழுத்து எல்லாம் வேணும். அந்த வார்த்தைய மட்டும் அந்தப் பேர்ல யார் சொன்னாலும் பம்ப் நம்பும்."

"அவ்வளவுதானா? எங்கப்பா குடுத்ததுக்கு நான் இதுகூடச் சொல்ல மாட்டனா?"

ஏழு நிமிஷ வேலை. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து, கிரைண்டர் விலை கேட்க வந்தவர்களுக்கு விலையும், 'இருக்கிறாயா?' என்று கேட்டவர்களுக்கு 'இருக்கிறேன்' என்றும் அதே கம்ப்யூட்டர் சொன்னது. முப்பத்தெட்டாயிரம் பேருக்கு இரண்டு சர்வர், இரண்டு கரண்ட் லைன், இரண்டு ஊர். இந்தப் பத்துப் பேருக்கு ஒரு மாவாட்டும் கடை. ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தினமும் சாயங்காலம் வர்தினி அக்கா போன் செய்வார். "நாப்பதுங்க தாட்சா," என்பார். வைத்துவிடுவார். சில நாள் அதோடு மழை, விலைவாசி, மருமகள். நாச்சிமுத்து அண்ணனைப் படியில் பார்த்தால் நான், "நாப்பதுங்ணா," என்பேன். "செரிங்கம்மிணி," என்பார். ஒருமுறை மட்டும், "அந்தக் கட எந்நேரமும் ஓடுமுங்களா?" என்று கேட்டார். "கடை சாத்தினாலும் கம்ப்யூட்டர் ஓடும்," என்றேன்.

ஆணையத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை ஜூலையிலேயே பாதி நிரப்பி மேசை டிராயரில் வைத்திருந்தேன். அடுத்த வெர்ஷன் ஆகஸ்டில் வருவதாக இருந்து செப்டம்பருக்குப் போய், பிறகு தீபாவளி கழித்து என்றானது. நானும் பழகிவிட்டேன். நாற்பது என்று காதில் விழுந்தால் அன்றைய கடமை முடிந்தது. இதை நான் விஸ்வேஷ் தலையில் போடப்போவதில்லை. டிராயர் என்னுடையது.

அக்டோபரில் சரஸ்வதி பூஜை வந்தது. அந்த வருஷம் விஸ்வேஷுக்கு ஓர் ஆசை.

"நம்ம சர்வருக்கும் ரெஸ்ட் குடுப்போம் தாட்சா. ஒண்ண நிறுத்தி மாலை போடு. இன்னொண்ணு பார்த்துக்கும். அதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டோம்?"

நான் வேலைக்குச் சேர்ந்த பதினான்கு வருஷத்தில் முதல்முறையாக ஒரு சர்வரை நிறுத்திச் சந்தனம் வைத்தேன். ஓர் இதயத்துக்கும் பதில் தவறவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். மெஷின் என்றிருந்தால் இந்த ஊரில் இன்று எங்கும் நிறுத்திப் பொட்டு வைப்பார்கள் என்பது அப்போதே என் புத்தியில் உறைத்திருக்க வேண்டும். நான் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் வர்தினி அக்காவின் போன் வராததையும் பூஜை நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. ஒன்பது மணிக்கு மூன்றாவது மாடியில் மறுபூஜை. லிஃப்டுக்கும் மாலை போட்டிருந்தார்கள். பூஜை முடியாமல் அதை இயக்கக்கூடாது என்பதால் எல்லாரும் படியேறித்தான் போனோம். எனக்கே மூச்சு வாங்கியது. நாச்சிமுத்து அண்ணன் எனக்குப் பின்னால், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக வந்தார். உதடு வெளுத்திருந்தது.

"ஏனுங்ணா, முடியலையா? கீழயே உக்காந்துக்கலாமே?"

"மொதப் பீஸுங்கம்மிணி. நாந்தான கோக்கோணும்?"

சூடம் காட்டினார்கள். அவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். புது நிர்வாகத்தில் பிள்ளையார் சுழி கூடாது, முதல் பீஸுக்கும் எண்தான் என்று விஸ்வேஷ் உத்தரவு போட்டிருந்தார். எண் அடிக்கும் உளியை எடுத்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே பக்கவாட்டில் சாய்ந்தார். நாங்கள் இரண்டு பேர் பிடித்தோம். கனமாக இருந்தார்.

கம்பெனி நர்ஸ் பெனிட்டா ஓடிவந்து சட்டையைத் திறந்தாள். காறை எலும்புக்குக் கீழே ஒரு தழும்பு. அது எந்தத் தழும்பு என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும், அவர் நெஞ்சில் அது இருப்பதுதான் யாருக்கும் தெரியாது. பெனிட்டா பம்பின் எண்ணைப் படிக்கும் ரீடரை வைத்துப் பார்த்தாள். தட்டினாள். மறுபடி வைத்தாள்.

"ரீடர் ரிப்பேர் போல மேடம். நம்பர் பூஜ்யம்னு காட்டுது."

நான் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடினேன். வர்தினி அக்கா முதல் மணியிலேயே எடுத்தார்.

"அக்கா, அந்தக் கம்ப்யூட்டர்?"

"பொட்டு வெச்சு நிறுத்தியிருக்குதுங்க. பத்தரைக்குத்தான் மறுபூச..."

"எப்ப நிறுத்தினீங்க?"

"நேத்து மத்தியானம்."

"இப்பவே போடுங்க."

"சாமி கும்பிடாமயா?"

"அக்கா, போடுங்க!"

போட்டார். அதன்பின் தட்டல்கள் அதனதன் நேரத்துக்கு ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் 'இருக்கிறேன்' போயிற்று. நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். மேலே பெனிட்டா சத்தமாக எண்ணிக்கொண்டே அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள், பிறகு எண்ணுவது நின்றது.

தங்கள் கையால் கோர்க்கிற பம்பைத் தொழிலாளிகளே பொருத்திக்கொள்ளக் கூடாது என்று ஒரு விதி உண்டு. வேறு கம்பெனி பம்புக்கு மூன்று வருஷம் வரிசையில் நிற்க வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன் அவருடைய இதயம் அவ்வளவு நாள் தாங்காது என்று தெரிந்தபோது, அந்த விஜயதசமிப் பீஸைப் பெரியவர் அவருக்கே கொடுத்துவிட்டாராம். சாயங்காலம் அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். என்னிடமாவது சொல்லியிருக்கலாம் என்று அழுகையும் கோபமுமாக வந்தது. சொல்லியிருந்தால் நான் அவருக்காக மட்டும் ஓடியிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகாமல் ஜூன் மாதப் பழைய பதிவுகளைத் திறந்தேன். அந்த நாற்பது தட்டல்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் பக்கத்தில், அது எந்த இணைப்பு வழியாக வந்தது என்று ஒரு வரி இருக்கும். வேலை நாட்களில் மதியம் ஒன்றேகாலுக்கு வரும் தட்டல் எங்கள் கட்டடத்து இணைப்பிலிருந்தே வந்திருக்கிறது. எத்தனை என்றுதான் எண்ணினேன், எங்கிருந்து என்று பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் வர்தினி அக்கா போன் செய்தார். 

"முப்பத்தாறுங்க," என்றார். "தாட்சா, நான்தான நிறுத்துனேன்? நானே எங்கையாலதான..."

"நான் உங்ககிட்ட நிறுத்தக்கூடாதுன்னு சொல்லலீங்கக்கா," என்றேன். அது உண்மை. எல்லாம் சொல்லிக் கொடுத்தேன், அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியும் என்று நினைக்க, அவர் சர்வர் படித்தவரா என்ன?

டிராயரைத் திறந்து படிவத்தை எடுத்து நிரப்பி முடித்தேன். யார் செய்தது, எந்தத் தேதியில் எனக்குத் தெரியவந்தது, ஏன் அனுப்பவில்லை, கிரைண்டர் கடையில் நான் செய்த ஏழு நிமிஷ வேலை, எல்லாம். ஒரு தாளுக்குள் அடங்கவில்லை. விஸ்வேஷின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு முழுதும் படித்தார்.

"லைசென்ஸ் போகும்."

"போகலாம் சார். இருக்கறவங்களக் கண்டுபிடிச்சுப் புது முகவரியச் சொல்ல அனுமதியும் வரலாம்."

"உன் வேலையும் போகும்."

"ஆமா."

பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடுகிற இடத்துக்குப் போகாமல் அவர் கை மேலேயே, பாதிக்கப்பட்ட கருவிகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் நின்றது. நான் அதில் பத்து என்று எழுதியிருந்தேன்.

"இப்ப ஒன்பதுதானே?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. தாளில் தப்பு இருக்கக்கூடாது அவருக்கு.

"பத்து சார்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்த எண்ணைத் திருத்தாமல் கீழே கையெழுத்துப் போட்டார்.